கை காட்டக் கூடாது

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

பேச்சு வரத் தாமதமான பிள்ளைகளின் தாய்மார் பற்றிய ஆய்வுக்காகக் கரடியனாற்றில் இன்னொரு வீட்டுக்குப் போனேன். தாயின் பெயர் கஜானி. புருஷன் உதயரூபன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். வேலை அம்பாறைப் பக்கம். மகள் ஆர்த்திகாவுக்கு மூன்று வயது கடந்துவிட்டது, இன்னும் ஒரு சொல் இல்லை.

ஆனால் வேண்டியதைக் கேட்டு வாங்கத் தெரிகிறது. தண்ணீருக்கு விரலை உதட்டில் வைக்கிறாள். நித்திரைக்குக் கன்னத்தில் கை. குளிக்க வேண்டுமென்றால் தலையில் வாளி கவிழ்ப்பதுபோல ஒரு செய்கை. கஜானியும் கையாலேயே பதில் சொல்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டு.

தாய்மாருக்குச் சொல்லும்படி ஆய்வில் தந்த ஆலோசனை அட்டையில் உள்ளதைச் சொன்னேன். "கை காட்டினா உடன குடுக்காதீங்க. நீங்களும் கை காட்டாதீங்க. வாயால கேக்க விடுங்க."

சிரிப்பு நின்றுபோனது. "நான்தான் செல்லம் குடுத்துப் பழுதாக்கிட்டன் போல, மிஸ்."

நேர்காணல் எடுப்பவளும் நான், ஆலோசனை சொல்பவளும் நான். இது சரியா என்று ஆய்வுப் பொறுப்பாளர் பஹ்மி சேரிடம் முன்பே கேட்டிருக்கிறேன். வேறு ஆள் இல்லை என்றார்.

பெப்ரவரி 21

கஜானியின் வீடும் இன்னொரு தாயின் வீடும் பூட்டு. போனதும் வந்ததும்தான்.

மார்ச் 5

கஜானிக்குக் குரலே இல்லை. கம்மிப் போயிருக்கிறது.

"அடுப்படியிலயும் கதைக்கிறன், கிணத்தடியிலயும் கதைக்கிறன். தொண்டை கட்டிப் போச்சு. ஆனா விடமாட்டன் மிஸ்."

பிள்ளை வந்து உதட்டில் விரல் வைத்தாள். கஜானி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "தண்ணி சொல்லு மகள், தண்ணி" என்றாள். மறுபடி விரல். மறுபடி "தண்ணி சொல்லு". பிள்ளை தரையில் விழுந்து தலையை முட்டி முட்டி அழுதாள். தாயும் அழுதாள், கையை மட்டும் அவிழ்க்கவில்லை.

நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத உட்கார்ந்தேன். நடுவில் 'டமார்' என்றொரு சத்தம், நானும் கஜானியும் "ஐயோ" என்று கத்துகிறோம். நேற்றுத் தகரக் கூரையில் தேங்காய் விழுந்தது ஞாபகம் வந்தது. அப்போது பிள்ளை அழுகை ஓய்ந்து எங்களுக்கு முதுகு காட்டி மண்ணில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் வந்த பக்கம் கிறுகிக்கூடப் பார்க்கவில்லை. விரல் நிற்கவில்லை. கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

அல்லாஹ். அவளுக்குக் காது கேட்காதா?

மார்ச் 7

பஹ்மி சேரிடம் சொன்னேன். "நாம ஆய்வுக்காரர் நிஸ்றா, டொக்டர்மார் இல்ல. வீட்டுக்குள்ள தலையிட்டா தரவு பழுதாகும்."

தலையிடக் கூடாதாம்! அப்ப அந்த அட்டை என்னவாம்? அதக் கொண்டுபோய் அந்தப் பொண்ணுட கையக் கட்டிவிட்டது தலையிடுற இல்லியா? வாய் வரைக்கும் வந்தது. சொல்லல்ல. வேலை போயிரும் என்ட பயம். வேற என்ன.

மார்ச் 19

சேரிடம் காரணம் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு கஜானியையும் பிள்ளையையும் டவுனுக்குக் கூட்டிப்போனேன். நோன்பு, வெயில், கிளினிக்கில் சனம். தூக்க மருந்து கொடுத்துச் செய்கிற காதுச் சோதனையாம், யூனில்தான் திகதி.

"அதுவரைக்கும் என்ன செய்ற மிஸ்? கதைச்சிக்கிட்டே இரிக்கவா?"

கை காட்டுங்கள், முன்போலவே காட்டுங்கள் என்றேன். அங்கேயே, கிளினிக் வாங்கில் உட்கார்ந்தபடி, கஜானி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். பிள்ளை பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்பெல்லாம் கேக்கிறல்ல மிஸ். தாகமெண்டா தானே போய்க் குடத்துக்குப் பக்கத்தில குந்திக்கிட்டு இரிப்பாள்."

ஏப்ரல் 11

பெருநாள். உம்மா வட்டிலப்பம் செய்தா. சாப்பிட்டேன் என்று பேர்.

யூன் 12, புதன்

இரண்டு காதும். ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது என்றார் டொக்டர். பிறவியிலேயே இருந்திருக்கலாமாம்.

கஜானி டொக்டருக்கு முன்னால் அழவில்லை. வெளியே வந்து, தோளில் தூங்குகிற பிள்ளையோடு படியில் நின்றாள்.

"அவள் எனக்கிட்டக் கதைச்சவள் மிஸ். மூணு வருசமும் கையால கதைச்சவள். எனக்கு எல்லாம் விளங்கினது. நீங்க சொன்னீங்க எண்டுதான் எண்ட கையக் கட்டினன். தாய்க்காரி பேசாம வுட்டுட்டாள் எண்டுதானே அவள் நினைச்சிருப்பாள்?"

கஜானி, எனக்கும் தெரியா— என்று தொடங்கினேன்.

"தெரியாட்டி என்னத்துக்குச் சொன்னீங்க?"

பிறகு, சத்தமே இல்லாமல்: "இனி எங்கட வீட்ட வராதீங்க."

யூன் 13

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சலா என்று உம்மா கேட்டா. ஓம் என்றேன்.

ஓகஸ்ட் 22

ஆய்வு முடிவு அரங்கு. ஏசி, கேக், பட்டிஸ். திரையில் எழுத்துப் பெரிதாக: 'தொண்டை கட்டிப் போச்சு. ஆனா விடமாட்டன்.' கீழே, கஜானியின் பெயருக்குப் பதிலாக, 'தாய் 4'. தலைப்பு: தாய்மாரின் விடாமுயற்சி. யாரோ "அருமை" என்றார்கள்.

அவள் பேச்சை எடுத்துவிடுங்கள் என்று யூனிலேயே எழுதிக் கொடுத்தேனே?

எழும்பினேன். "அந்தப் பிள்ளைக்குக் காது கேட்காது. பேசு பேசு என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுக்க அந்தத் தாய் கேட்காத காதுக்குத்தான் கத்தியிருக்கிறாள்" என்றேன். பஹ்மி சேர் மைக்கை எடுத்தார். "முக்கியமான விடயம். ஆனால் இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது."

தேநீர் நேரத்தில் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். அடுத்த கட்டம் தேற்றாத்தீவிலாம். அதே அட்டைதானா என்று கேட்டேன். அதேதான். முதலில் காதைச் சோதிக்க வேண்டாமா? அதற்கு ஒதுக்கீடு இல்லையாம்.

அப்படியென்றால் நானும் இல்லை என்றேன். இதை மார்ச்சில் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்லி யாருக்கு என்ன?

நவம்பர் 27

விடாத மழை. றோட்டெல்லாம் வெள்ளம். மச்சானின் புடவைக் கடையில் துணி மடிக்கிறேன். சின்னப் பிள்ளையோடு யாராவது கடைக்குள் வந்தால் பிள்ளைக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கை தட்டிப் பார்க்கிறேன். பைத்தியம் என்று நினைப்பார்கள்.

2025 ஜனவரி 22

கஜானி போனில் கோல் எடுத்தாள்! "மிஸ், டவுன்ல சனிக்கிழமையில தாய்மாருக்குச் சைகை மொழி வகுப்பாம். எனக்கு இடம் தெரியா." வேறெதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 25, சனி

பஸ் ஸ்டாண்டில் சந்தித்து வகுப்புக்குக் கூட்டிப்போனேன். படிப்பிக்கிற இளம் டீச்சருக்கும் காது கேட்காது, விரலெல்லாம் பேச்சு. ஆர்த்திகா அவளைப் பார்த்துக்கொண்டே போய் மடியில் ஏறிவிட்டாள். ஒரு மணித்தியாலத்துக்குள் மீனுக்கும் சோற்றுக்கும் கை காட்டிச் சிரிக்கிறாள். அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

கஜானியும் கையைத் தூக்கினாள். மீன். விரல் சரியாக வளையவில்லை. பிள்ளை தாயின் கையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு டீச்சரின் தோளில் முகத்தைப் புதைத்தாள். கஜானி மறுபடியும் காட்டினாள். வகுப்பு முடியும்வரை காட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளை ஒருமுறையும் பார்க்கவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன், அடுத்த கிழமையும் கூட வரட்டா என்று.

"தேவல்ல மிஸ். இடம் தெரியும் இப்ப."

கரடியனாற்று பஸ் வந்தது. பிள்ளையை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். அந்த பஸ் எங்கள் ஊர் ஏறாவூர் வழியாகத்தான் போகும், எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே நிற்கும். நான் ஏறவில்லை. அடுத்ததற்கு நின்றேன்.