கறுப்புக் காரில் விழுந்த கீறல்கள்

ரூஸே
மார்ச் மாதம், ஒரு செவ்வாய் காலை

என் கண்ணு ரலிட்சாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், தன்யூப் ஆற்றில் பனி விட்டுவிட்டது, உனக்கு அந்த டப்ளின் மழையில் சளி கிளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பு. போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது? அதோடு மார்ச் முதல் தேதி கையில் கட்டுகிற சிவப்பு வெள்ளை மார்த்தெனித்சா கயிறும் அனுப்ப வேண்டியிருந்தது, இந்த வருஷம் தாமதமாகிவிட்டது, உறைக்குள்ளேயே இருக்கிறது பார், பூத்த மரம் ஒன்று கண்ணில் படும்வரை கையிலிருந்து கழற்றாதே.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அப்பா எப்படி ஆகிவிட்டார் என்று உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. கை கால் தேறிவிட்டது, பேச்சுதான் வரவில்லை. உள்ளே எல்லாம் தெரிகிறது, வார்த்தை மட்டும் வாசலில் வந்து நின்றுவிடுகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் நல்ல பெண்தான், ஆனால் பூனைப் படத்தையும் ஆப்பிள் படத்தையும் காட்டி இது என்ன என்று கேட்டால் இவருக்கு முகம் சுருங்கிவிடும், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே நிற்கிற காரையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக்குத் தூசி தெரியும், வேறு நிறம் வாங்குங்கள் என்று நான் முட்டிக்கொண்டும் கேட்காமல் வாங்கினாரே, அதே கார்தான்.

போன மாதம் பெரிய பனி கொட்டியது. மூன்றாம் மாடி பென்ச்சோ இருக்கிறாரே, அவருக்கு இரக்க குணம், உன் அப்பா லூபெனால் முடியாதே என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் காரின் மேலிருந்த பனியை எல்லாம் முற்றம் பெருக்குகிற முரட்டு விளக்கமாற்றால் பெருக்கித் தள்ளிவிட்டார். வெயில் வந்த அன்று பார்த்தால் எஞ்சின் மூடி, கூரை எல்லாம் சிலந்தி வலை பின்னியது போலப் பொடிப்பொடிக் கீறல். நான் அடுப்பில் பனித்சா பலகாரத்தை வைத்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒரு சத்தம். “டேய் பென்ச்சோ! கழுதைக்குப் பொறந்தவனே! கறுப்பு வண்டிய வெளக்கமாத்தால பெருக்குவானாடா எவனாவது!” என் கையிலிருந்த தட்டு நழுவிவிட்டது கண்ணு. அது உன் அப்பாவின் குரல். திக்காமல், திணறாமல், முழுசாக ஒரு வசவு. வீட்டுச் செருப்போடு அப்படியே படியிறங்கி ஓடினேன், சண்டையை விலக்க இல்லை, பென்ச்சோவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தேன். அந்த மனுஷன் மிரண்டுபோய், “புருஷன் திட்டுறான், பொண்டாட்டி முத்தம் குடுக்குறா, நான் எதைத் தங்கச்சி நம்புறது?” என்று கேட்டார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதற்கு அடுத்த வார்த்தை வரவில்லை, பழையபடி அடைத்துக்கொண்டது.

பென்ச்சோ விடவில்லை. நான்தானே கெடுத்தேன், நானே சரி பண்ணுகிறேன், எப்படி என்று மட்டும் லூபென் சொல்லட்டும் என்றார். குளிர் சற்று விட்டதும் இருவரும் காரைக் கொட்டகை நிழலுக்குக் கொண்டுபோனார்கள், வெயிலில் வைத்துத் தேய்த்தால் பாலிஷ் பசை காய்ந்து ஒட்டிக்கொள்ளுமாம். முதலில் நன்றாகக் கழுவி ஒரு மணல்துளி இல்லாமல் துடைத்தார்கள். அப்பா நகத்தால் ஒவ்வொரு கீறலாகத் தடவிப் பார்த்தார், நகம் வழுக்கிப் போனால் அது மேல்பூச்சோடு நிற்கிற கீறல், தேய்த்தால் போய்விடும். பிறகு மென்மையான பஞ்சில் பசையைத் தொட்டு, ஒரு கையகல இடம், லேசாகத் தேய்ப்பது, துடைப்பது, விளக்கை அடித்துப் பார்ப்பது, அடுத்த இடம். பென்ச்சோ மாவு தேய்க்கிற கட்டை பிடித்தவர் மாதிரி அழுத்துவார், அப்பா “மெ... மெதுவா” என்பார், அவர் உடனே, “உன் வண்டியா, உன் பொண்டாட்டியா, இவ்வளவு பதவிசா தொடச் சொல்ற?” என்பார். நான் காபி கொண்டுபோகிற சாக்கில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அப்பா அலமாரிப் பக்கம் கையை நீட்டி எதையோ கேட்டார், வார்த்தை வரவில்லை, முகம் சிவந்துவிட்டது. நானாக இருந்தால் துணியா, வாளியா, தண்ணீரா என்று அடுக்கியிருப்பேன். பென்ச்சோவுக்கு அடுத்து என்ன வேண்டும் என்றே தெரியாது, அதனால் சும்மா நின்றார். “அவசரமில்லடா, வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி உருளைக்கிழங்கு உரிக்க விடுவா” என்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டார். அது பாதி எரிந்திருக்கும். “மெழுகு” என்றார் அப்பா. பென்ச்சோ அதைப் பெரிதாகக் கொண்டாடவும் இல்லை, மெழுகை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். நான் காபித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

கார் இப்போது முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒரே ஒரு கீறல் மட்டும் நிற்கிறது, அதில் நகம் மாட்டுகிறது. பென்ச்சோ அதையும் ஒரு கை பார்க்கிறேன் என்று கிளம்பினார், “வேணாம். ஆழம். தேச்சா பெயின்ட்டும் போயிடும்” என்று அப்பா தடுத்துவிட்டார். எத்தனை வார்த்தை பார்த்தாயா? கெட்ட நாளும் உண்டு, நேற்று முழுக்க வாயே திறக்கவில்லை, அதனால் ரொம்பவும் ஆசைப்பட்டுவிடாதே. ஆனால் அந்தப் பயிற்சிப் பெண்ணை இப்போது கொட்டகைக்கே கூட்டிப்போகிறார், பூனைப் படம் வீட்டுக்குள்ளேதான் கிடக்கிறது.

நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. கடைசியாக ஒன்று. வாதம் வந்ததிலிருந்து போனில் அப்பா உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, நீயும் கவனித்திருப்பாய், கேட்டதில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, உன் பெயரைத்தான் பழகுகிறார், எனக்குக் கேட்காது என்று அவருக்கு நினைப்பு. முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அவரிடம்தான் முதலில் போனைக் கொடுப்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் குறுக்கே பேசாதே, கண்ணு, லைன் போய்விட்டதோ என்று வைத்துவிடாதே. அவர் அங்கேதான் இருப்பார்.

கடவுளின் தாயார் உன்னை நிழல்போல் காக்கட்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா ருமியானா