தும்மலுக்குத் தாங்காத மாவு

ரங்கூன், ஏப்ரல் 1925

கமலாட்சி அக்கா அவர்களுக்கு, அடுப்புச் சக்கரவர்த்தி தம்பி நல்லையாவின் நமஸ்காரம். தங்கள் மூட்டுவலி தேவலையா?

என் ரொட்டிக்கடை எஜமானி உக்ரேன் தேசத்து ராட்சசி. ஈஸ்டர் பண்டிகைக்கு முட்டையும் திராட்சையும் கொட்டி 'பாஸ்கா' என்னும் இனிப்பு ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். மாவு பொங்கும்வரை சத்தமே கூடாதாம். ஆண்பிள்ளை எட்டியும் பார்க்கக்கூடாதாம். விறகு வைக்கப்போன நான் தும்மிவிட்டேன். அலோன் துறைக் கப்பல்களே திடுக்கிட்டன. மாவு அமுங்கிவிட்டது.

"வெளியே போடா, சனியனே!" அவள் கற்ற தமிழே அவ்வளவுதான்; மற்றதெல்லாம் சைகை.

"தும்மலுக்குத் தாங்காத மாவு என்ன மாவு!" என்றேன்.

பூரிக்கட்டை பறந்தது. காயமில்லை, பயப்படாதீர்கள். இன்னொரு தும்மலுக்கு வேலை போய்விடுமாம். சுக்கும் ஓமமும் உடனே அனுப்பவும்.

கடை மூடும் ஞாயிறுதான் கொடுமை. ரங்கூன் நிறையத் தமிழர். ஆனால் என்மேல் கோபப்பட அந்தப் பாவியை விட்டால் ஆளில்லை.

தபால்காரர் வாசலில். மறக்காமல் திட்டி எழுதுங்கள்.

நல்லையா