சக்களத்தியின் சாவி

மார்ச் 3, ஞாயிறு

இன்று அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

டிசம்பரில் இடது காதின் நரம்பு கெட்டதிலிருந்து ஓட்டுவதில்லை, சரி. அந்தக் காது கேட்பதும் இல்லை. அந்தப் பக்கம் திரும்பினால் ஆள் சாய்கிறார். ஆனாலும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டே கொட்டகைக்குப் போவார். பைக்கின் சோக்கை இழுத்து, கிளப்பி, பத்து நிமிடம் உறும விட்டுவிட்டு வருவார். பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைப் படாரென்று சாத்துவார். எங்கள் ஞாயிறு அப்படித்தான் தொடங்கும்.

இன்று ஒன்பதரை ஆகியும் நாற்காலியை விட்டு எழவில்லை. தேநீரில் ஆடை கட்டிவிட்டது. "என்ன, இன்னிக்கு உங்க சின்ன வீட்டப் பாக்கப் போகலயா?" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"வித்துடலாம்" என்றார். "சும்மாதானே நிக்குது."

"சரி" என்றேன்.

மார்ச் 4, திங்கள்

விற்றுத் தொலையுங்கள் என்று இருபது வருடமாக நச்சரித்தவள் நான்தானே. பிறகு ஏன் நேற்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை?

மார்ச் 9, சனி

மெக்கானிக் வந்து பார்த்தார். கண்ணாடி அவ்வளவு தடிமன் என்பதால் இந்த நோட்டில் அவர் பெயர் சோடாபுட்டி. நேரில் தம்பி.

"வாராவாரம் நின்ன எடத்துலயே ஓட்டியிருக்காரு அக்கா. அது நல்லதில்ல. சைலன்சர் முழுக்கத் தண்ணி கட்டியிருக்கு. வண்டின்னா ரோட்ல போகணும், இல்லேன்னா பேசாமத் தூங்கணும்" என்றார். வாங்க ஆள் பார்ப்பதாகவும் சொன்னார். உள்ளே இவர் அதைக் கேட்டுக்கொண்டு செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயிரம் சிசி, நாலு சிலிண்டர், சிவப்பு. எங்கள் மகளைவிட இரண்டு வயது மூத்தவள். மகளுக்கு இருமல் வந்தால் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். இவளுக்கு இருமல் வந்தால் நாலு கார்பரேட்டரையும் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சக்களத்தி என்று பெயர் வைத்தது நான்தான். ஒருமுறை வாய் தவறி மாமியார் முன்னாலும் சொல்லி, அந்த அம்மாள் இரண்டு நாள் மகனோடு பேசவில்லை.

பின் இருக்கை என்பது பேருக்குத்தான். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மேடை. அதில் உட்கார்ந்து எத்தனை ஊர் போயிருப்பேன்! ஹெல்மெட்டுக்குள் பேச முடியாது என்பதால் எங்களுக்கு ஒரு கணக்கு: அவர் விலாவில் இரண்டு தட்டு என்றால் 'மெதுவா'. ஒரு தட்டு என்றால் 'போ'. இரண்டு தட்டு ஆயிரம் தட்டியிருப்பேன், மனுஷன் கேட்டதே இல்லை. ஒரு தட்டு எண்ணி மூன்று முறை. மூன்றுக்கும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

மார்ச் 13, புதன்

இவருக்குச் சாயாமல் நிற்கப் பயிற்சி சொல்லித்தரும் அம்மாவிடம் தனியாகப் பேசினேன். வீட்டில் ஒன்றுமே செய்வதில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

"செய்யாம எப்படிச் சரியாகும்? கெட்ட நரம்பு கெட்டதுதான். மீதி இருக்கறத வச்சு நிக்க ஒடம்பு பழகணும். அவருக்கு எதாவது ஒரு ஆசை இருக்கணுமே" என்றார்.

"வண்டி?"

"ஓட்டறத மறந்துடுங்க."

"பின்னாடி உக்காரலாமா?"

இதை நான் ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ண மூடிக்கிட்டு ஒத்தக் கால்ல இருபது எண்ணற வரைக்கும் நிக்கட்டும். அப்புறம் யோசிக்கலாம். ஆமா, முன்னாடி யாரு உக்காருவா?"

நான் வேலை செய்யும் பல் கூடத்துக்குத் திரும்பி, ஒரு பல் செட்டின் மேல் வரிசைக்கு மெழுகு வைக்கும்போதும் அதே கேள்வி. யார் உட்காருவார்? நானா? இருபத்திரண்டு வருடமாக ஊருக்குப் பொய்ப்பல் கட்டுகிறவள். ஸ்கூட்டரைத் தவிர எதையும் தொட்டதில்லை.

மார்ச் 17, ஞாயிறு

சோடாபுட்டியின் பட்டறைக்குப் பின்னால் மூடிக் கிடக்கும் கிடங்கின் முற்றம். அவருடைய சின்ன வண்டியில் கியர் பழகினேன். பதினோரு முறை நின்றுபோனது. "அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடுவாரு" என்றார். "தெரிஞ்சா ஒங்கள நானே கொன்னுடுவேன்" என்றேன்.

வீட்டில், அக்கா ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு அக்காவே இல்லை. அவர் "ம்" என்றார். அந்த அளவுக்குத்தான் இப்போது காது கொடுக்கிறார்.

ஏப்ரல் 5, வெள்ளி

கியர் வண்டிக்கு உரிமம் கிடைத்துவிட்டது. அதிகாரி தாளில் என் வயதைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

ஏப்ரல் 10, புதன்

புதன் எனக்கு அரை நாள். மாத்திரை போட்டுக்கொண்டு அவர் இரண்டு மணிக்குப் படுத்தால் நாலு வரை தூக்கம். கேட்கும் காது தலையணையில் அழுந்தியிருந்தால் இடி விழுந்தாலும் தெரியாது.

திருடி மாதிரி, சத்தமில்லாமல் சாவியை ஆணியிலிருந்து எடுத்தேன். தெரு சரிவாக இருப்பதால் கோடி வரை உருட்டிக்கொண்டு போய் அங்கே கிளப்பினேன். சோடாபுட்டி தன் வண்டியில் பின்னாலேயே வந்தார்.

எப்படி இருந்தது? பயமாக இருந்தது. டாங்கின் மேல் படுத்த மாதிரி குனிய வேண்டியிருக்கிறது; மணிக்கட்டு விட்டுப் போகிறது; தொடையில் சூடு. வலது கையைக் கொஞ்சமே கொஞ்சம் திருகினேன், மரங்களெல்லாம் பின்னால் போய்விட்டன. பிரேக் பிடி எனக்கு எட்டவில்லை. விரல் நுனியால் கொக்கி போட்டுத்தான் இழுக்கிறேன். அவருடைய கை முறம், என்னுடையது கரண்டி.

மூன்றரைக்குக் கோடியில் அணைத்து, சோடாபுட்டி பின்னால் தள்ளக் கொட்டகைக்கு வந்து, கண்ணாடிகளை அவர் வைத்திருந்த கோணத்துக்கே மாற்றிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பிறகு குளியலறையில் போய்ச் சிரித்தேன். நாற்பத்தாறு வயதில் இது என்ன கூத்து?

ஏப்ரல் 17, புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

கிடங்கு முற்றத்தில் திரும்பும்போது, ஹேண்டிலை ஒடித்த நிலையில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். பிடிக்கவே கூடாது, பிடிக்கவே கூடாதுன்னு தம்பி நூறு தடவ சொல்லியிருக்கார். நின்ற இடத்திலேயே சாய்ந்தாள். இருநூறு கிலோ. நான் தாங்கப் பார்த்தேன் — தாங்குவேனா? எனக்குக் காலில் சிராய்ப்பு மட்டும். அவளுக்கு இடது பக்கப் பிளாஸ்டிக் மூடியில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல்.

இருபத்தாறு வருஷம் அந்த மனுஷன் ஒரு கீறல் விடல. நான் ஏழே நாள்ல...

மூடியைக் கழற்றிப் பல் கூடத்துக்கு எடுத்துப் போனேன். பல் செட்டுக்கு ஈறு வார்க்கும் பொடியும் திரவமும் கலந்து உள்பக்கமாகப் பூசினேன். கல் மாதிரி இறுகிவிட்டது. வெளியே மகளின் பழைய சிவப்பு நகப்பூச்சு. தள்ளி நின்றால் தெரியவில்லை. மாட்டி முடித்த பிறகுதான் உறைத்தது: அவசரத்தில் நிறமில்லாத பொடிக்குப் பதில் ரோஜா நிறத்தைக் கலந்திருக்கிறேன். உள்ளே எட்டிப் பார்த்தால் சக்களத்திக்கு ஈறு முளைத்திருக்கிறது.

உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்?

ஏப்ரல் 24, புதன்

இன்று பிரேக் எட்டியது! நாலு விரலும் வளைந்து உட்காருகிறது. தம்பி எப்போது சரி செய்தார்? கேட்க மறந்துவிட்டேன்.

மாலை மகள் தொலைபேசியில்: "அம்மா, அது இன்னும் போகலயா? அப்பா அதப் பாத்துப் பாத்துத்தான் ஏங்கறாரு. சீக்கிரம் குடுத்துடுங்க." வாங்குகிறவர் மே 12 வருகிறாராம். இவரே பேசி முடித்துவிட்டார். எனக்கு இருப்பது மூன்று புதன்கூட இல்லை.

மே 1, புதன்

சீக்கிரம் வந்துவிட்டேன். படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. இவர் கட்டிலருகே கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார். நாலு... அஞ்சு... சட்டென்று சாய்ந்து அலமாரியைப் பிடித்தார். என்னைக் கண்டதும், "செருப்பத் தேடினேன்" என்றார்.

செருப்பு இரண்டும் காலருகேதான் கிடந்தன.

மே 8, புதன்

"பிரேக்க கிட்ட வச்சதுக்கு ரொம்ப நன்றி தம்பி" என்றேன்.

"நான் எங்க வச்சேன்?" சோடாபுட்டி குனிந்து பார்த்தார். பிடியின் அடியில் ஒரு சின்னச் சக்கரம், அதில் ஒன்று முதல் நாலு வரை எண்கள். "அண்ணன் எப்பவும் ஒண்ணுலதான் வச்சிருப்பாரு. இப்ப நாலுல நிக்குது. நான் தொடவே இல்லக்கா."

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. இன்று கிளம்பும்போது நான் கண்ணாடிகளைத் திருப்பவே இல்லை. ஏறி உட்கார்ந்ததும் அவை என் முகத்துக்கு நேராக இருந்தன.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதேன். சோடாபுட்டிக்குப் பாவம் கையில் கண்ணாடி துடைக்கும் துணிதான் இருந்தது, அதைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் இவர் தூங்கிக்கொண்டிருந்தார். கேட்கும் காது மேலே இருந்தது.

மே 12, ஞாயிறு

வாங்க வந்தவர் பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர். நல்ல மனிதர், விவரம் தெரிந்தவர். டயரில் தேதி பார்த்தார், சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கைப்பேசி வெளிச்சத்தை மூடிக்கு உள்ளே அடித்தார்.

"இது என்ன சார், ரோஸ் கலர்ல?"

இவர் சுவரைப் பிடித்தபடி நிதானமாகச் சொன்னார்: "அது ஈறு. எங்க வீட்ல பல் கட்டறவங்க இருக்காங்க."

வந்தவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். இவர் தொடர்ந்தார்: "மன்னிச்சுக்கங்க. ஒங்கள வரச் சொல்லியிருக்கக் கூடாது. வண்டி விக்கறதுக்கு இல்ல. ஓட்ட ஆள் இருக்கு."

ஆசிரியரின் முகம் வாடிவிட்டது. தேநீர் கொடுத்து அனுப்பினோம்.

"எப்பலேருந்து தெரியும்?" என்றேன்.

"மொத நாளே. காது கேக்கலேன்னா என்ன, கட்டில் கால் சொல்லுச்சு. நீ உருட்டிக்கிட்டுப் போனாலும் கோடியில கிளப்பும்போது தரை அதிருமில்ல?"

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"ஒரு வாரம் வயித்தெரிச்சல். நான் இங்க கெடக்கேன், இவ எடுத்துக்கிட்டுப் போறாளேன்னு. சாவிய ஒளிச்சு வைக்கலாமான்னுகூடப் பாத்தேன். அப்புறம் ஈறப் பாத்தேன். நீ விழுந்திருக்கேன்னு தெரிஞ்சதும் வயித்தெரிச்சல் போயிடுச்சு, பயம் வந்துடுச்சு. இத்துனூண்டு கைய வச்சுக்கிட்டு எப்படிப் பிரேக் பிடிப்பே? அதான் நாலுல வச்சேன்."

"ஒத்தக் கால்ல நிக்கறது?"

"அந்தப் பயிற்சி அம்மா சொன்னாங்க, 'ஒங்க வீட்டம்மா ஒரு கேள்வி கேட்டாங்க'ன்னு."

நான் அவரைத் திட்டினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று நினைவில்லை. திட்டிக்கொண்டே அவர் கையைப் பிடித்திருந்தேன் என்பது மட்டும் தெரியும்.

ஜூன் 5, புதன்

பதினொன்று.

ஜூன் 19, புதன்

பதினாறு. பதினேழு என்று சாதிக்கிறார். எண்ணியது நான்.

ஜூலை 9, செவ்வாய்

இருபது. பயிற்சி அம்மா முன்னால், கண்ணை மூடி, இரண்டு முறை. "மெதுவாப் போகணும். சாய்க்காமப் போகணும்" என்று என்னிடம்தான் சொன்னார். இவர் குழந்தை மாதிரித் தலையாட்டினார்.

ஜூலை 14, ஞாயிறு

காலை ஒன்பது மணி. அவர் ஏறுவதற்கு மரப்பெட்டி ஒன்று வைத்தேன். பிடித்துக்கொள்ளச் சோடாபுட்டி வந்திருந்தார். பின்னால் ஒரு பீரோ ஏறி உட்கார்ந்த மாதிரி வண்டி அமுங்கியது. "இருபது வருஷமா இதுலயா உக்காந்த?" என்றார் காதருகே. "இப்பவாவது தெரிஞ்சுதே" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைச் சாத்த வந்தவர் சாத்தாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

தெருக்கோடி இடது வளைவில் என் விலாவில் இரண்டு தட்டு. குறைத்தேன். பாலத்தில் இரண்டு தட்டு. குறைத்தேன். நான் அவர் இல்லை, சொன்னால் கேட்பேன். இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் கை என் இடுப்பில் இறுகுவதும் பிறகு விடுவதும் தெரிந்தது. பாதி வழியில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கிடங்குகளைத் தாண்டினால் ரோடு நேராகப் போகிறது. வளைவு இல்லை, ஆளில்லை. அங்கே ஒரு தட்டு வந்தது.

இரண்டாவது தட்டும் வரும் என்று வலது கையைத் தளர்த்திக் குறைக்கப் பார்த்தேன். காத்திருந்தேன். வரவில்லை.

திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனேன். எவ்வளவு வேகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. மகள் என்றைக்காவது இதைப் படிப்பாள்.