யுவஸ்ரீக்குச் செய்த ஈரடுக்குக் கட்டில்

சிங்காநல்லூர்

அன்பு மகள் யுவஸ்ரீக்கு அப்பா எழுதுவது,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்த அயர்லாந்துக் குளிரில் உனக்கும் தம்பி கிருபாவுக்கும் ஒன்றும் வராமல் இருந்தால் அதுவே போதும். போனில் பேசினால் நீ சரிப்பா சரிப்பா என்று முடித்துவிடுகிறாய், எனக்கும் பொறுமை கிடையாது, கத்திவிடுகிறேன், அதனால்தான் கடிதம். தமிழ் படிப்பது மறந்திருந்தால் அம்மாவைப் படித்துக்காட்டச் சொல். நாங்கள் பிரிந்தது பிரிந்ததுதான், அவளும் கேட்கட்டும், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

கட்டில் படத்தைப் பார்த்திருப்பாய். மேலே நீ, கீழே தம்பி. கடைக் கட்டில்களைப் போய் ஆட்டிப் பார்த்தேன், எல்லாம் ஆடுகிறது, பிள்ளைகள் படுக்கிற சாமானுக்கு அதெல்லாம் ஆகாது. போத்தனூரில் அப்துல் நாசர் அண்ணன் மர டிப்போவில் வேங்கைச் சட்டம் எடுத்து, பம்ப் கம்பெனி வேலை முடிந்து வந்து நானே இழைத்தேன், மூட்டுக்கு மூட்டு போல்ட் போட்டேன். நான் கம்பெனியில் நூலளவு பார்க்கிற வெர்னியரை வைத்து அளப்பதைப் பார்த்துவிட்டு நாசர் அண்ணன், ஏனுங்க தம்பி, இது கொழந்தைக்குக் கட்டிலுங்களா, லேத்து மிசினுக்குப் பெட்டுங்களா, டவுன் பஸ்ஸே ஏத்தி நிறுத்தலாம் போங்க என்று சிரித்தார். சிரிக்கட்டும். நீ தூக்கத்தில் உருளுகிறவள். மேல் தடுப்பை உயர்த்தி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, என் கன்னத்தை வைத்துப் பார்த்தேன், எங்கேயும் சிராய்க்கவில்லை.

இதெல்லாம் எதற்கு ஆரம்பித்தேன் தெரியுமா, பொங்கலன்று நீ பேசியபோது, ஜூலை லீவுக்கு இங்கே வருகிறாயா கண்ணு என்று கேட்டேன், லைன் விட்டுவிட்டுக் கேட்டது, வாரேன்ப்பா என்றாய், கட்டாகிவிட்டது. மறுநாளே மரம் பார்க்கப் போய்விட்டேன். படம் அனுப்பின பிறகுதான் உன் அம்மா கூப்பிட்டாள். ஏனுங்க, அவ போனை வெக்கறக்கு வாரேன்னு சொன்னா, நீங்க கேட்டது அவ காதுலயே உழுகலீங்க, நம்மூருப் புள்ள போறேன்னு சொல்லுமாங்க என்றாள். போறேன்னு சொல்லக்கூடாது, வாரேன்னுதான் சொல்லோணும் என்று பள்ளிக்கூடம் கிளம்பும்போதெல்லாம் உன்னை வாசலில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

அப்போதும் விடாமல், சரி, இப்பவாவது கேட்டுச் சொல்லு என்றேன். அவள் உன்னிடம் கேட்டது எனக்கும் போனில் கேட்டது. அப்புறம் தம்பிதான், அப்பா, அக்கா அழுகுதுங்கப்பா என்றான். இத்தனை நாளாக யோசித்துப் பார்த்தேன் சாமி. வர உனக்கு மனசில்லை, அந்தப் படத்தைப் பார்த்தபின் இல்லை என்று சொல்ல வாயும் வரவில்லை. பிள்ளை படுப்பதற்குச் செய்ததை நானே பிள்ளை தலைமேல் ஏற்றி வைத்துவிட்டேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை போல்ட்டெல்லாம் கழற்றி, கம்பெனியில் கூட வேலை பார்க்கும் நஞ்சுண்டன் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். பெரியவள் மானசா நான் ஸ்பேனரைக் கீழே வைப்பதற்குள் மேலே ஏறிக்கொண்டு, எறங்கவே மாட்டேன் போங்க மாமா என்று குதிக்கிறது. கட்டில் ஆடவில்லை. நான் காப்பிகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். வீட்டில் அந்த இடம் இப்போது காலி, பெருக்கியும் விட்டேன். இனி இங்கே உனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிற சாமான் எதுவும் இல்லை. எப்போதாவது வரத் தோன்றினால் வா, பாய் இருக்கிறது. தோன்றாவிட்டால் அதற்காக அழக்கூடாது.

இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும். தம்பியைச் செல்போன் பார்த்துக்கொண்டே சாப்பிட விடாதே. பதில் கட்டாயம் எழுது, வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுது. கடிதத்தைப் பார்த்து என்னால் கத்த முடியாது.

உன் அப்பா,
பிரவின்குமார்