கெலமங்கலம் ரோட்டில் ஒரு விசில்

அக்கா,

இன்று காலை மேஜை இழுப்பறையில் பேனா தேடியபோது உங்கள் விசில் கையில் பட்டது. வழக்கு முடிந்து கோர்ட் திருப்பித் தந்ததும், "உங்ககிட்டயே இருக்கட்டும் வக்கீலம்மா. என்கிட்ட இருந்தா மறுபடியும் ஊதிடுவேன்" என்று என் கையில் திணித்தீர்களே, அதேதான். எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

உங்களுக்குக் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை. ஷிப்ட் முடிந்து பெண்கள் ரோட்டைக் கடக்கும்போது, யாரும் சொல்லாமலே நடுவில் போய் நின்று விசில் ஊதி வண்டிகளை நிறுத்துவீர்கள். மாநில எல்லையோர ரோடு ஆயிற்றே, நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் வாய் திறக்கும். நம் வண்டிக்குத் தமிழ், ஆந்திரா வண்டிக்குத் தெலுங்கு, கர்நாடகா வண்டிக்குக் கன்னடம்.

ஒரு கார்க்காரர், நீங்கள் போலீஸ் வேஷம் போட்டு வழிமறித்ததாகப் புகார் கொடுத்தார். "தண்டனை வந்தா வேலை போயிடும். மவ நர்சிங் படிப்பு நின்னுடும்" என்று கோர்ட் வாசலில் அழுதீர்கள். எனக்கோ கோபம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டீர்களே என்று திட்டினேன்.

குறுக்கு விசாரணையில் அவரிடம் கேட்டேன்.

"லைசென்ஸ் கேட்டாங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம் எப்படிப் போலீஸ்னு நினைச்சீங்க?"

"காக்கி போட்டிருந்தாங்க. 'ஸ்வல்ப நில்லி சார்'னு கன்னடத்துல நிக்கச் சொன்னாங்க. கர்நாடகா போலீஸ்னு நினைச்சிட்டேங்க."

பெங்களூர் வண்டி ஓட்டும் சேலத்துக்காரர் அவர்.

"கர்நாடகா போலீசுக்குத் தமிழ்நாட்டுல, கெலமங்கலம் ரோட்டுல என்னங்க வேலை?"

மாஜிஸ்திரேட்டே சிரித்துவிட்டார். பிறகு உங்களைக் கேட்டார். "ஐயா, கொஞ்சம் நில்லுங்கன்னுதான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லலீங்க" என்றீர்கள். விடுதலை.

அப்புறமாவது சும்மா இருந்தீர்களா? விசில் போனால் என்ன என்று, கையைத் தட்டி நிறுத்தினீர்கள். காய்ச்சலில் படுக்கும்வரை அதே இடம்தான். கடைசியில் ஊசி போட்டது நர்சாகிவிட்ட உங்கள் மகள் கை என்று, நீங்கள் போன பிறகு கேள்விப்பட்டபோது அழுதேன்.

மாலை அந்த வழியாக வந்தேன். பெண்கள் ரோட்டோரம் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு வண்டியும் நிற்கவில்லை. ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டு நடுவில் போய் ஊதினேன். முன்னால் வந்தது கர்நாடகா கார்.

"ஸ்வல்ப நில்லி சார்."

நின்றது. எல்லாரும் கடந்ததும் கடைசிப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க நின்னாங்களே, அந்த அக்காவுக்கு நீங்க சொந்தமா?"

"அவங்க வக்கீல்" என்றேன்.

உங்களைத் திட்டிய வாய்தான் அக்கா இது. விசில் என்கிட்டயே இருக்கட்டும்.