பத்தொன்பது என்றது மாடல்

மார்ச் 4, செவ்வாய்

பிடித்துவிட்டேன்! ஆயிரத்து இருநூறு மாணவர்கள் நிரப்பிய கேள்வித்தாள்களை இரண்டு வருடமாகத் தின்று கொழுத்த என் கணினி மாடல் இன்று வாயைத் திறந்தது. எந்தப் பிள்ளை புகை, போதை மாத்திரை, குடி என்று இறங்கும் என்பதைக் கணிக்க எது அதிகம் உதவுகிறது? குடும்பம் இல்லை, மதிப்பெண் இல்லை. சமூகக்கூடத்து மாலை நேர டிரம்ஸ் வகுப்பு. அங்கே போகிறவர்களுக்கு மூன்று மடங்கு ஆபத்து. எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

மார்ச் 6, வியாழன்

சமூகக்கூடத்தை நடத்தும் எங்கள் அமைப்பின் இயக்குநர் என்னைவிட அதிகமாகக் குதித்தார். அக்கம்பக்கத்தில் சத்தம் தாங்கவில்லை என்று ஏற்கெனவே புகாராம். "மாசக் கடைசில அந்த ரூமைப் பூட்டிடலாம்." பகுதிவாசிகளின் குழுவிடம் ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 7, வெள்ளி

மூக்குடைபட்டேன்.

குழுவின் தலைவி சலவைக்கடை அக்கா. என் வரைபடத்தைப் பார்த்தார். "ஏம்மா, அந்தப் பிள்ளைங்களப் பொறுக்கி எடுத்து அங்க சேர்த்ததே நாங்கதானே?"

துவைக்க வரும் சீருடைகளின் பைகளில் முதலில் கையை விட்டுப் பார்ப்பது அவர். மாத்திரை அட்டை, புகையிலைத் தூள். யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. தாயிடம், "உங்க பொண்ணு அருமையா தாளம் போடறா, டிரம்ஸ்ல சேர்த்து விடுங்க" என்று ஒரு பொய். நான்கு வருடமாக இப்படித்தான் நடக்கிறதாம்.

வகுப்பு பிள்ளைகளைக் கெடுக்கவில்லை. கெடப்போகிற பிள்ளைகளைத்தான் வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். அட மடச்சி, யார் சேர்த்தார்கள், ஏன் சேர்த்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கை பரபரக்கிறது — என் நாற்பத்தொரு கேள்வியில இல்லாதது அந்த அக்காகிட்ட இருக்கே!

மார்ச் 10, திங்கள்

இயக்குநர் மசியவில்லை. "அனுப்பி வெச்சா போதுமா? அங்க போய்த் திருந்துறாங்கன்னு என்ன ஆதாரம்?"

நியாயமான கேள்விதான். ஆறு மாதம் அவகாசம் கேட்டேன். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் முப்பத்தோரு பேர். சேர்வதற்கு முன் அவர்கள் எழுதிய தாள்களை மட்டும் மாடலுக்குக் கொடுத்தேன். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டுமே. செப்டம்பருக்குள் பத்தொன்பது பேர் பழக்கத்தில் இருப்பார்கள் என்றது. அதை ஒட்டி வந்தால் அறைக்குப் பூட்டு. நன்றாகக் குறைந்தால் வகுப்பு தொடரும். சம்மதித்துவிட்டேன். நான் பெற்ற மாடல் தோற்க வேண்டும் என்று நானே வேண்டிக்கொள்கிறேன்.

ஜூன் 18, புதன்

குழு என் கேள்வித்தாளைக் கிழித்துத் தொங்கவிட்டது. "போலீஸ் கேக்கற மாதிரி இருக்கு. எவ உண்மைய எழுதுவா?" என்றார் அக்கா. பிள்ளைகள் இருவரைக் கூடவே உட்கார வைத்து எல்லாக் கேள்வியையும் திருப்பி எழுதினோம். தாளை ஆசிரியர் வாங்கக்கூடாது, பெட்டியில்தான் போட வேண்டும்.

உண்மையை எழுதினால் எண்ணிக்கை ஏறிவிடுமே என்றேன்.

"ஏறட்டும். பொய்ய நம்பி ரூமைத் தொறந்து வெச்சு யாருக்கு என்ன லாபம்?"

செப்டம்பர் 11, வியாழன்

நாளை பெட்டியைத் திறக்கிறோம்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஏழு.

மூன்று முறை எண்ணினேன். இயக்குநர் ஒருமுறை எண்ணினார். பிறகு வகுப்பைத் தொடரும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். நான் சலவைக்கடைக்கு ஓடினேன், இந்த வயதில், செருப்பு தெறிக்க.

"பத்தொம்போதுன்னுச்சுக்கா. ஏழுதான்."

"அப்போ உங்க மெஷின் சொன்னது தப்பா?"

"சுத்தத் தப்பு."

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கண்ணும் கலங்கிவிட்டது. அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அவர் சிரிக்கவில்லை.

"இன்னும் ஏழு பேர் இருக்காங்களா?" என்று கேட்டு, எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.