முருகேசன் பேரில் போன குறுஞ்செய்திகள்

அன்புள்ள நாதன் அண்ணே,

நீங்கள் போயிருக்கும் இடத்தில் ரேடியோ எடுக்குமா என்று தெரியவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே ஒழுங்காக எடுக்காது, அதனால் அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு உங்கள் ‘ராக் நேரம்’ நிகழ்ச்சி தொடங்கினால், மலைப்பாதையின் மேல் வளைவில் தண்ணீர்க் குழாயடிக்குப் போனால்தான் உங்கள் குரல் கரகரப்பில்லாமல் வரும். பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள் அங்கே நிற்கும். பிரிஞ்சாங் போகிற சுற்றுலாக்காரர்கள் ஏதோ விபத்து என்று நினைத்து, காரை மெதுவாக்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

நீங்கள் இல்லாமல் நாலு மாதம் ஆகிவிட்டது. "ராக் செத்துப்போச்சுன்னு வருஷத்துக்கு ஒருத்தர் சொல்லத்தான் செய்வாரு. அத நம்பி எழவுக்குப் போனீங்கன்னா, பொணம் எந்திரிச்சு டிரம்ஸ் வாசிச்சிக்கிட்டு இருக்கும்" என்று நிகழ்ச்சியில் சொல்வீர்களே, சேதி வந்த அன்று அதைத்தான் நினைத்துக்கொண்டேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நீங்களும் அப்படி ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதையையும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் முருகேசன் தோட்டத்து லோரி ஓட்டுகிறார். வெட்டின கொழுந்தைத் தொழிற்சாலைக்கு ஏற்றி வருவது அவர் வேலை. தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் மெஷினில் நிற்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர் லோரியைக் கழுவ மேல் வளைவுக்குப் போவார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, லோரிக்குள் ஏறி உட்கார்ந்து ரேடியோவைத் திருகுவேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் அப்படித் திருகும்போதுதான் நீங்கள் அகப்பட்டீர்கள்.

அந்தப் பாட்டில் ஒரு வார்த்தைகூட எனக்கு விளங்கவில்லை. ஆனால் இறங்கிப் போகவும் முடியவில்லை. முடிந்ததும் "இந்த மாதிரி இன்னொண்ணு வேணும்னா பேரப் போட்டு எழுதுங்க" என்றீர்கள். முன்னால் கிடந்தது அவருடைய போன். "முருகேசன், கேமரன் மலை. இன்னொன்று போடுங்கள்" என்று அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் "கேமரன் மலை முருகேசன், நீங்க நம்ம ஆளு" என்று வாசித்துவிட்டீர்கள்.

டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் தலையை நீட்டினார். "யாருடி அது, என் பேரச் சொல்றது?"

"வேற ஆளா இருக்கும். குன்றுக்குக் குன்று முருகன் இருக்கையில, முருகேசனுக்கா பஞ்சம்?" என்றேன்.

அப்போதே உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறவள். வெள்ளிக்கிழமை தேவாரம், ஞாயிற்றுக்கிழமை ராக் என்றால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. அதனால் அடுத்த வாரமும் முருகேசன்தான் எழுதினார், அதற்கடுத்த வாரமும் அவர்தான்.

உங்களிடம் எனக்குப் பிடித்தது, பாட்டு முழுதாக முடியும் வரை நீங்கள் வாயைத் திறக்க மாட்டீர்கள். மற்றவர்கள் கடைசி வரியின் தலையில் ஏறி உட்கார்ந்து பேசுவார்கள். நீங்கள் கடைசிக் கம்பியின் அதிர்வு அடங்கும் வரை காத்திருப்பீர்கள். ஈப்போவில் யாரோ கார் கொட்டகையில் பதிவு செய்து அனுப்பிய தமிழ் ராக்கையும், மலாய் ராக்கையும், ஆங்கிலத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுவீர்கள். "இதுல டிரம்ஸ்காரரு ஒரு எடத்துல மூச்சு வாங்குவாரு, கேளுங்க" என்பீர்கள். நான் காத்திருந்து கேட்பேன். வாங்கத்தான் செய்வார்.

ராக் ஓடும் லோரி, ரேடியோவில் வாராவாரம் பேர். தோட்டத்தில் வேறென்ன முடிவுக்கு வருவார்கள்? திருவிழாவுக்கு உருமி மேளம் அடிக்கும் பையன்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "என்னாண்ணே, நீங்க ராக் பைத்தியமா? சொல்லவே இல்லயே லா" என்றார்கள். அவர்கள் போனதும் இவர் என்னைப் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"என்னா பாட்டுடி அது. தகரக் கொட்டாயில ஆலங்கட்டி மழ பெய்யிற மாதிரி இருக்கு" என்றார். ஆனால் அண்ணே, புகழ் யாரை விட்டது? ஒரே மாதத்தில் மேல் வளைவு ரசிகர்களுக்கு அவர்தான் தலைவர். பையன்கள் வாங்கிக் கொடுத்த கறுப்புச் சட்டையில் நெஞ்சு நிறைய மண்டையோடு, நெற்றி நிறைய விபூதி. அந்தக் கோலத்தில் லோரியைத் துடைத்துக்கொண்டே, பாட்டு முடிந்தால் "சரியான பாட்டு" என்று தலையை ஆட்டுவார். அதற்கு மேல் யாராவது கேட்டால், உள்ளே இருக்கும் என்னிடம் அவசரமாகத் தேத்தண்ணி கேட்பார்.

மூன்று வருடத்துக்கு முன்னால், கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெர்ரி வாங்க அண்ணியோடு வந்த நீங்கள், கேமரன் மலை முருகேசனையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லியனுப்பினீர்கள். அன்றைய கூத்தை நீங்களே ரேடியோவில் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். உருமி கொட்டி, மாலையோடு காத்திருந்தோம். வேன் கதவு திறந்தது. நல்ல உயரம், தோள் வரை முடி, காதில் கடுக்கன். இறங்கியவருக்கு மாலையைப் போட்டுப் பொன்னாடையும் போர்த்திவிட்டார்கள். அவர் உங்கள் வேன் டிரைவர். பின்னால் கண்ணாடி போட்டு, சட்டையை உள்ளே விட்டு, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மாதிரி ஒருவர் ஸ்ட்ராபெர்ரிப் பெட்டியோடு நின்றார். "அந்த மாலையில எனக்கும் ரெண்டு பூ குடுங்கப்பா" என்று வாயைத் திறந்ததும்தான் எல்லாருக்கும் குரல் பிடிபட்டது.

நீங்கள் ரேடியோவில் சொல்லாமல் விட்ட மிச்சம் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் உட்கார்ந்து, "முருகேசன், போன வாரம் நீங்க கேட்ட பாட்டுல கிட்டார் ரெண்டு தடவ தனியா வருதே, உங்களுக்கு எது புடிச்சிச்சு?" என்று கேட்டீர்கள். இவர் என்னைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார். "எல்லாம் அவன் செயல்ணே" என்றார்.

வடைத் தட்டோடு நின்ற எனக்கு வாய் அடங்கவில்லை. "ரெண்டாவதுதாண்ணே. மொதல்ல வர்றதுல கெட்டிக்காரத்தனம் காட்டுறாரு. ரெண்டாவதுலதான் அழுவுறாரு."

நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். ஒன்றும் கேட்காமல் ஒரு வடையை எடுத்துக்கொண்டீர்கள். கிளம்பும்போது மற்றவர்களை முன்னால் போகவிட்டு, "தங்கச்சி, உங்க பேரு என்னா?" என்றீர்கள்.

"மல்லிகாண்ணே."

"எப்ப உங்க பேர்ல எழுதப் போறீங்க?"

"பாப்போம்ணே" என்றேன்.

அடுத்த ஞாயிறு முதல் நீங்கள் வெறும் முருகேசன் என்று வாசிக்கவில்லை. "முருகேசன் வீட்டுலேர்ந்து ஒரு பாட்டு கேட்டிருக்காங்க" என்றீர்கள். மூன்று வருடம் அப்படியே. என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை, விட்டும் கொடுக்கவில்லை. பார்ப்போம் என்று சொன்ன நானோ பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

சரி, சேதிக்கு வருகிறேன். நீங்கள் போன பிறகு ஆறேழு வாரம் உங்கள் பழைய பதிவுகளைப் போட்டார்கள். அப்புறம், உங்கள் நிகழ்ச்சியில் நேயர் அழைப்புகளை எடுக்கும் கவிதா இருக்கிறாளே, அந்தப் பெண் இவருக்குப் போன் போட்டாள்.

"சார், மேலிடத்துல இந்த ஒரு மணி நேரத்துக்கு சினிமா பாட்டு போட்டுடலாம்னு பேசுறாங்க. ராக்லாம் இப்ப யாரு கேக்குறான்னு கேக்குறாங்க. வர்ற ஞாயித்துக்கெழம நாதன் அண்ணன் ஞாபகமா நேரலை. ஆளுங்க பேசுனாத்தான் இது நிக்கும். மொத ஆளா நீங்க பேசணும்."

இவர் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வந்து, சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் பாடம் நடத்தினேன் அண்ணே. தேவாரம் படிக்க வரும் ஆறு வயதுப் பிள்ளைகள் எவ்வளவோ தேவலை. பேஸ் கிட்டாருக்கும் மற்ற கிட்டாருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "ரெண்டுலயும் கம்பி இருக்குல்ல" என்பார். கடைசியில் மனப்பாடம் செய்ய ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன்.

"நீயே பேசிட்டா என்னாடி?" என்று ஒரு தடவை கேட்டார்.

"தலைவர்னு உங்களக் கொண்டாடுறாங்க. இப்ப போயி நான் பேசுனா உங்க மானம் என்னாவறது?" என்றேன். அவர் மானத்தைச் சாக்காக வைத்துக்கொண்டேனே தவிர, பயம் என்னுடையதுதான்.

அந்த ஞாயிறு மேல் வளைவில் நிற்க இடமில்லை. உருமிப் பையன்கள் மேளத்தோடு வந்திருந்தார்கள். கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி லோரியில் நாலு பேர் வந்தார்கள். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காசிம் பாய், கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தார். நேப்பாளத்திலிருந்து வந்து எங்கள் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் தீபக், வழக்கம்போல முன்னால் நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாது. உங்கள் பேச்சு முடியும் வரை பொறுமையாக இருந்து, பாட்டு தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்வான். ஊரில் அவன் அண்ணன் ராக் குழுவில் டிரம்ஸ் அடிக்கிறானாம்.

கவிதா அழைத்தாள். இவர் போனைக் காதில் வைத்து, காகிதத்தைப் பார்த்து முதல் மூன்று வரியை ஒப்பித்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவள், நான் எழுதிக் கொடுக்காத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டாள். "மொதல் மொதல்ல ராக் கேட்டப்ப எப்படி சார் இருந்துச்சு?"

இவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. ரேடியோ ஊமையாகிவிட்டது. மேலிடத்து ஆட்களும் அந்த நேரம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ராக்கை இப்போது யார் கேட்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு எங்கள் மலையிடம் பதிலில்லை என்றுதானே ஆகும்? இவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"நான் மல்லிகா பேசுறேம்மா, முருகேசன் சம்சாரம். பதினோரு வருஷமா அவரு பேர்ல எழுதுனது நான்தான். நான் தூள் சலிக்கிற மெஷின்ல நிக்கிறவ. நாள் பூரா தடதடன்னு அதே சத்தம். காது வலிக்கும், வெறுப்பா வரும். அன்னிக்கு லோரியில அந்தப் பாட்டு வந்தப்ப, இது நம்ம மெஷின் சத்தமாச்சே, இதுக்குப் போயி ஒருத்தன் ராகம் போட்டுருக்கானேன்னு தோணிச்சு. மறுநாளு வேலைக்குப் போனா மெஷின் என்கூட சேந்து வாசிக்கிது. அதுலேர்ந்து எனக்கு அந்த வேல வெறுக்கவே இல்ல. யாரு கேக்குறான்னு கேட்டாங்கல்ல, நான் கேக்குறேன். இங்க நிக்கிற இத்தன பேரும் கேக்குறாங்க."

போனை அவர்கள் பக்கம் நீட்டினேன். உருமி முழங்கியது. தீபக் அவன் பாஷையில் ஏதோ கூவினான். "எங்க கடையில காலையிலேர்ந்து ராக்தான் லா" என்று காசிம் பாய் கூசாமல் பொய் சொன்னார். அந்தக் கடையில் செய்தியைத் தவிர வேறெதுவும் நான் கேட்டதில்லை.

அப்புறம் ஈப்போ, கிள்ளான் என்று அழைப்பு நிற்கவே இல்லை. மணி ஐந்தைத் தாண்டியும் கவிதாவால் முடிக்க முடியவில்லை. சித்தியவான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி பேசினாள். "நானும் இத்தன நாளா எங்கண்ணன் பேர்லதான் எழுதிக்கிட்டிருந்தேன். என் பேரு கோமதி" என்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

பையன்கள் இவரைச் சுற்றிக்கொண்டார்கள். "அப்ப நீங்க யாருண்ணே?"

"நான் தலைவியோட டிரைவர் லா" என்றார் இவர். முகத்தில் ஒரு வாட்டம் இல்லை. பாரம் இறக்கிய ஆள் மாதிரி இருந்தார்.

வெள்ளிக்கிழமை தேவார வகுப்புக்கு யார் வரப்போகிறார்கள் என்று பயந்துகொண்டே போனேன். எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். புதிதாக இரண்டு பேர் வேறு. கோயில் தலைவர் மட்டும் தயங்கித் தயங்கி வந்து, "சாமி முன்னால மட்டும் அந்தப் பாட்டு வேணாம்மா" என்று கேட்டுக்கொண்டார். பதினோரு வருடம் நான் பயந்த ஊர் வாய் இவ்வளவுதானா அண்ணே?

ராக் நேரம் நிற்கிறது. இனி கவிதாதான் நடத்துகிறாள். பாட்டு முழுதாக முடியும் வரை அவளும் வாயைத் திறப்பதில்லை.

போன ஞாயிறு என் போனிலிருந்து, என் பேரில் எழுதினேன். "கேமரன் மலை மல்லிகா" என்று கவிதா வாசித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். இவர் ஓடிவந்து ஹாரனை அழுத்தினார். எனக்கும் சந்தோஷம்தான், அழகாகத்தான் சொன்னாள். ஆனால் அதை நீங்கள் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? உங்கள் வாயால் அதைக் கேட்டுவைத்துக்கொள்ள எனக்கு மூன்று வருடம் இருந்தது, நீங்களும் காத்துக்கொண்டுதான் இருந்தீர்கள். அதற்காக என்னை மன்னித்துவிடுங்கள்.

இனி ஒரு ஞாயிறும் விட மாட்டேன். வேறொருவர் பேரில் ஒளிந்து எழுதுகிறவள் யாராவது என் கண்ணில் பட்டால், நீங்கள் என்னிடம் கேட்டதை நான் அவளிடம் கேட்பேன். அவள் பார்ப்போம் என்று சொன்னால், வடையை எடுத்துக்கொண்டு போய்விட மாட்டேன். அந்த ஒரு விஷயத்தில் நான் உங்களை மாதிரி நல்லவள் இல்லை அண்ணே.

உங்கள் தங்கச்சி,
மல்லிகா
கேமரன் மலை